உறையவும் கூடாது, ஒழுகவும் கூடாது
(முன்னாள் மாணவர் சந்திப்பில் ஆற்றிய உரை)



1977-இல் நான் இங்கே புகுமுக வகுப்பில் சேர்ந்தேன். அதே ஆண்டு செப்டம்பரில்தான் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குருன்ட்சிக் என்ற மருத்துவர், இதயத் தமனி அடைப்பை முதன்முதலாகப் பலூன் வைத்து விரித்தார். இன்று ஸ்டென்ட் என்றால் பிள்ளையார்பாளையத்துத் தறிக்காரருக்கும் தெரியும். ஆனால் அந்த நேரத்தில் போடும் உறைவுத் தடுப்பு மருந்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அதைத்தான் பேச வந்தேன்.

நெசவூர்க்காரர்களுக்கு இதை விளக்குவது சுலபம். இரத்தம் உறையும்போது முதலில் தட்டணுக்கள் ஒட்டிக்கொள்கின்றன. பிறகு ஃபைப்ரின் என்ற நூல் அதன்மேல் பின்னிக்கொள்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல் மாத்திரைகள் தட்டணுக்களைத் தடுக்கும். ஹெப்பாரின், பைவாலிருடின் ஊசிகள் நூல் உருவாவதைத் தடுக்கும். தமனிக்குள் கம்பியும் பலூனும் போகும்போது இரண்டும் தேவை. குறைந்தால் ஸ்டென்ட்டிலேயே உறையும். மிஞ்சினால் வயிற்றிலோ மூளையிலோ கசியும்.

"டாக்டர், விலையைப் பாக்காதீங்க, ஒசந்த மருந்தாவே போடுங்க" என்று நகையை அடகு வைத்துவிட்டு வந்து நிற்பார்கள். மனசு கஷ்டமாக இருக்கும். விலை கூடியதெல்லாம் எல்லோருக்கும் மேலானது அல்ல.

ஹெப்பாரின் 1916-இல் நாயின் ஈரலிலிருந்து கண்டறியப்பட்டது, விலை குறைவு. அதிகமானால் முறிக்க புரோட்டமின் இருக்கிறது. பைவாலிருடின் அட்டைப்பூச்சியின் உமிழ்நீர்ப் பொருளைப் பார்த்து உருவாக்கியது, விலை அதிகம். முறிமருந்து கிடையாது, ஆனால் சிறுநீரகம் நன்றாயிருந்தால் சுமார் 25 நிமிடத்தில் பாதி குறைந்துவிடும்.

எது மேல்? மாரடைப்பு நோயாளிகளிடம் லிவர்பூலில் நடந்து 2014-இல் வெளியான ஆய்வில், ஸ்டென்ட் உறைவு பைவாலிருடினில் 3.4 சதவீதம், ஹெப்பாரினில் 0.9. சீனாவில் 6,016 பேரிடம் நடந்து 2022-இல் வெளியான ஆய்வில், பைவாலிருடின் பெற்றவர்களுக்குச் சிகிச்சை முடிந்தும் 2 முதல் 4 மணி நேரம் அதைத் தொடர்ந்து செலுத்தினார்கள். முடிவு மாறியது: 30 நாளில் இறப்பு அல்லது பெரும் இரத்தக்கசிவு 3.06 சதவீதம், ஹெப்பாரினில் 4.39. ஆக, மருந்தின் பெயர் மட்டும் போதாது. கொடுக்கும் முறையும் முக்கியம். வயசு, எடை, சிறுநீரகம், பழைய இரத்தக்கசிவு, குழாய் மணிக்கட்டு வழியா தொடை வழியா என எல்லாம் பார்த்துத்தான் முடிவு. ஹெப்பாரினால் முன்பு தட்டணு குறைந்தவருக்குப் பைவாலிருடின் பெரிய துணை.

ஆகவே நீங்கள் செய்யவேண்டியது மூன்று. குடற்புண், பக்கவாதம், சிறுநீரகக் கோளாறு, சாப்பிடும் மற்ற மருந்துகள், நாட்டு மருந்து உட்பட, எதையும் டாக்டரிடம் மறைக்காதீர்கள். ஸ்டென்ட் வைத்தபின், "பல்லு புடுங்கணும்", "கருடசேவைக்குப் போறேன்" என்று மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள். நெஞ்சு வலித்தால் வாயு என்று சோடா குடித்துக் காத்திருக்காதீர்கள். 2023-இல் தமிழக அரசு தொடங்கிய 'இதயம் காப்போம்' திட்டத்தில் ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே முதல் மாத்திரைகளைத் தருகிறார்கள்.

மாணவச் செல்வங்களே, இன்றிரவு வீட்டுப் பெரியவரின் மாத்திரைச் சீட்டை ஒருமுறை எடுத்துப் படியுங்கள். எது எதற்கென்று தெரியாவிட்டால், அடுத்த முறை டாக்டரிடம் நீங்களே கூடப்போய்க் கேளுங்கள்.