உடைவதற்கு முன் ஒரு படம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கில் பினாங்கிலிருந்து ஆற்றிய உரை)



நம்மவர் குடும்பங்களில் இனிப்பு நீர் எட்டிப் பார்க்காத குடும்பம் குறைவு. இன்சுலின் ஊசி போட்டுக்கொள்ளும் பெரியவர்கள் ஒரு வித்தியாசத்தைக் கவனித்திருப்பார்கள். பழைய வகை ஊசியைச் சாப்பாட்டுக்கு அரைமணி நேரம் முன்பே போட்டுக்கொள்ள வேண்டும். 1996-இல் வரத் தொடங்கிய துரித வகையைத் தட்டின் முன் உட்காரும்போது போட்டுக்கொண்டால் போதும். அந்த அரைமணி நேரம் எப்படி மிச்சமானது? படிகத்தை ஆராய்ந்தவர்களின் உழைப்பு அதற்குள் இருக்கிறது. இன்று அதைப் பற்றித்தான் பேசப் போகிறேன்.

இன்சுலின் ஒரு புரதம். புரதம் என்பது ஒரு நீண்ட சங்கிலி மடிந்து சுருண்டு எடுக்கும் வடிவம். வடிவம் தெரிந்தால்தான் அதன் வேலை புரியும். அதைச் சாதாரண நுண்ணோக்கி காட்டாது. எக்ஸ் கதிர் காட்டும். ஆனால் ஒற்றை மூலக்கூறில் பட்டுச் சிதறும் கதிர் மிகச் சொற்பம். பள்ளித் திடலில் ஒரு பிள்ளை மட்டும் பாடினால் வேலிக்கு அப்பால் கேட்காது. பள்ளி முழுவதும் வரிசையில் நின்று நெகாராக்கு பாடினால் தெருமுனை வரை கேட்கும். படிகம் என்பது அந்த வரிசைதான். கோடிக்கணக்கான மூலக்கூறுகள் ஒழுங்காக அடுக்கி நிற்கின்றன. அவற்றில் பட்டுச் சிதறும் கதிர் புள்ளிகளாகப் பதிவாகிறது. புள்ளிகளை வைத்துக் கணக்குப் போட்டு அணுக்களின் இடத்தைக் கண்டுபிடிக்கிறார்கள்.

டோரத்தி ஹாட்ஜ்கின் அம்மையார் ஆக்ஸ்ஃபோர்டில் இன்சுலின் படிகத்தை முதலில் படம் பிடித்தது 1935-இல். அமைப்பு தெரிந்தது 1969-இல். முப்பத்து நான்கு ஆண்டுகள்! அந்தக் குழுவில் கேரளத்திலிருந்து சென்ற எம்.விஜயனும் இருந்தார். பிறகு அவர் பெங்களூர் திரும்பி, இந்திய அறிவியல் கழகத்தில் புரதப் படிக ஆராய்ச்சியை வளர்த்தார். நாம் கச்சாங் பூத்தே என்று கொறிக்கிறோமே, அந்த நிலக்கடலையில் உள்ள ஒரு புரதத்தின் அமைப்பையும் 1994-இல் அவர் குழுவினர் வெளியிட்டார்கள்.

இன்சுலின் படிகம் என்ன காட்டியது? ஆறு மூலக்கூறுகள் துத்தநாகத்தைச் சுற்றிக் கைகோத்து நின்றன. ஊசி போட்டதும் அந்தக் கை பிரிய நேரம் எடுக்கும், அதுதான் தாமதம். சங்கிலியின் ஒரு முனையில் அடுத்தடுத்து உள்ள இரண்டு அமினோ அமிலங்களை இடம் மாற்றி வைத்தார்கள். பிடி தளர்ந்தது, துரித ஊசி பிறந்தது.

இந்தத் துறையில் சென்னைக்கும் பங்கு உண்டு. 1954-இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் ஜி.என்.ராமச்சந்திரனும் கோபிநாத் கர்த்தாவும் நம் தோலிலும் எலும்பிலும் உள்ள கொலாஜன் புரதத்துக்கு மூன்று இழை அமைப்பைச் சொன்னார்கள். அவர்கள் எக்ஸ் கதிரில் வைத்துப் பார்த்தது கங்காருவின் வால் தசைநாண் என்றால் நம்புவீர்களா? சிதம்பரத்தில் பிறந்த வெங்கி ராமகிருஷ்ணன், உயிரணுவில் புரதம் செய்யும் ரைபோசோமின் சிறு பாகத்தை 2000-இல் விளக்கிக் காட்டினார். 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். பல நுண்ணுயிர்க்கொல்லி மருந்துகள் கிருமியின் ரைபோசோமைப் பிடித்து நிறுத்துவதால்தான் வேலை செய்கின்றன.

இனி சிக்கலுக்கு வருவோம். கல்கண்டு செய்யத் தெரிந்தவர்களுக்குப் புரியும்: பாகில் நூலைத் தொங்கவிட்டுப் பொறுமையாக இருந்தால் படிகம் பெரிதாக வளரும். புரதம் அப்படி இறங்கி வராது. மாதக்கணக்கில் காத்திருந்தாலும் பல புரதங்கள் தூசி அளவுக்கு மேல் வளர்வதில்லை. தூசி அளவு படிகத்துக்கு வலுவான கதிர் வேண்டும். வலுவான கதிரோ படிகத்தையே சிதைத்துவிடும். திரவ நைட்ரஜனைக் கொண்டு உறைய வைத்தால் சேதம் குறையும், நிற்காது. பார்க்க வேண்டிய பொருளைப் பார்வையே அழிக்கிறது என்றால் என்ன செய்வது?

தைப்பூசத்துக்கு முதல் நாள் ரதம் வரும் வழியில் நின்றிருப்பீர்கள். தேங்காய் சாலையில் விழுகிறது, சிதறுகிறது. முழுத் தேங்காயைப் படம் பிடிக்க வேண்டுமானால், தரையைத் தொட்டு ஓடு விரிவதற்குள் கேமராவைத் தட்ட வேண்டும். விஞ்ஞானிகளும் இதையேதான் செய்தார்கள். கலிஃபோர்னியாவில் ஸ்டான்ஃபோர்டை அடுத்து 2009-இல் இயங்கத் தொடங்கிய எக்ஸ் கதிர் லேசர், சில பத்து ஃபெம்டோ வினாடிகளே நீடிக்கும் கதிர்த் துடிப்புகளைத் தரும். ஒரு வினாடியை நூறு கோடியாகப் பங்கிட்டு, அதில் ஒரு பங்கை மறுபடி பத்து லட்சமாகப் பங்கிட்டால் கிடைப்பது ஒரு ஃபெம்டோ வினாடி. படிகம் சிதறுகிறது, உண்மைதான். ஆனால் சிதறுவதற்குள் படம் பதிவாகிவிடுகிறது.

ஒரு படிகம் ஒரே படத்தோடு முடிந்துபோகும். ஆகவே மெல்லிய நீர்த்தாரையில் படிகங்களை ஓடவிட்டு, அடுத்தடுத்து லேசரால் அடித்தார்கள். 2011-இல் வெளிவந்த முதல் ஆய்வில், ஒளிச்சேர்க்கையில் பங்கேற்கும் ஒரு புரதத்துக்கு 30 லட்சத்துக்கும் அதிகமான படங்கள்! தேறியவை ஏறக்குறைய 15,000தான். மிகப் பெரிய படிகமே இரண்டு மைக்ரான். நம் தலைமுடியின் தடிப்பு எழுபது, எண்பது மைக்ரான் இருக்கும். 2013-இல் இன்னொரு படி ஏறினார்கள். ஆப்பிரிக்கத் தூக்க நோய்க் கிருமியின் ஒரு நொதியைப் பூச்சியின் உயிரணுக்களுக்குள்ளேயே படிகமாக வளரவிட்டு, அந்தக் குட்டிப் படிகங்களிலிருந்தே அமைப்பைக் கண்டார்கள். அந்த நொதியை முடக்கினால் கிருமிக்கு மருந்து செய்யலாம் என்பது நோக்கம்.

நம் பினாங்கில் மிண்டன் வளாகத்து மலேசிய அறிவியல் பல்கலைக்கழகத்தில், சிறு மூலக்கூறுகளின் படிகங்களை எக்ஸ் கதிரால் ஆராய்ந்து ஏராளமான அமைப்புகளை வெளியிட்டிருக்கிறார்கள். இந்த வேலையைப் பார்க்க நம் பிள்ளைகள் கலிஃபோர்னியாவுக்குத்தான் போக வேண்டும் என்பதில்லை.

"கணினியே புரத வடிவத்தைச் சொல்லிவிடுகிறதாமே, இனி படிகம் எதற்கு?" என்று ஒரு மாணவர் என்னிடம் கேட்டார். நல்ல கேள்வி. ஆல்ஃபாஃபோல்ட் என்ற கணினி முறைக்காக 2024-இல் நோபல் பரிசும் கொடுத்தார்கள். ஆனால் அந்தக் கணினி எதைப் படித்துத் தேறியது? 1971 முதல் உலகம் முழுவதும் ஆய்வாளர்கள் சேர்த்து வைத்த புரத அமைப்புக் களஞ்சியத்தை. அதில் மிகப் பெரும்பகுதி, யாரோ ஒருவர் படிகம் வளர்த்து, எக்ஸ் கதிரில் வைத்துக் கண்டது. புதிய மருந்து ஒன்று புரதத்தின் எந்த மடிப்பில் போய் உட்காருகிறது என்று கணினி சொன்னாலும், மருந்து செய்பவர்கள் இன்றும் படிகத்தில் ஒருமுறை சரிபார்த்துக்கொள்கிறார்கள்.