செங்கல்பட்டு ஜங்ஷனும் பதினாறு அடி அறையும்

(மாமல்லபுரத்தில் நடந்த சங்கச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



கல்லூரிக்கு நம் சங்கம் கொடுக்கப்போகும் மாடல் ரயில் அமைப்பு செங்கல்பட்டு ஜங்ஷன்தான் என்று கமிட்டி முடிவு செய்திருக்கிறது. எனக்கு ரொம்ப சந்தோஷம். தாம்பரம், விழுப்புரம், காஞ்சிபுரம் வழியே அரக்கோணம் என்று மூன்று திசைக்கும் வண்டி பிரியும் இடம். பக்கத்திலேயே கொளவாய் ஏரி. நம்மில் பலபேர் அங்கே வண்டி மாறித்தான் படிக்க வந்தோம்.

சிக்கல் இடம்தான். கிடைத்த அறையின் நீளம் 16 அடி. கம்ப்யூட்டரில் போட்ட முதல் வரைபடத்தில் ஸ்டேஷன் முழுசாக அடங்கியிருக்கிறது. எப்படி அடங்கியது என்று பாருங்க.

நாம் எடுத்திருக்கும் அளவு 87இல் ஒரு பங்கு. 24 பெட்டி எல்.எச்.பி. ரயில் நிஜத்தில் 576 மீட்டர். நம் அளவில் ஆறரை மீட்டருக்கும் மேல். வண்டியே அறையைவிட நீளம்! ஆக எதையோ குறைத்தே ஆகவேண்டும். வரைந்தவர்கள் பிளாட்பாரத்தின் நீளத்தை விட்டுவிட்டு, தண்டவாளங்களின் இடைவெளியையும் பாயிண்ட்டுகளையும் குறைத்திருக்கிறார்கள். அங்கேதான் எனக்கு உடன்பாடில்லை.

முதலில் இடைவெளி. நம் ரயில்வேயில் அகலப்பாதைப் புதிய வேலைகளுக்கு நடுக்கோட்டுக்கு நடுக்கோடு 5.3 மீட்டர் என்பது விதி. அதாவது மாடலில் 61 மில்லிமீட்டர். வரைபடத்தில் இருப்பது 52. ஒன்பது மில்லிமீட்டர்தானே என்று தோன்றும். நேர்ப்பாதையில் ஒன்றும் ஆகாது. வளைவில்தான் வினை. ஐ.சி.எஃப். பெட்டியின் அகலம் சுமார் 37 மி.மீ.; 52 மி.மீ. இடைவெளியில் இரண்டு பெட்டிகளுக்கு நடுவே மிஞ்சுவது 15 மி.மீ. நாம் போட்டிருக்கும் வளைவின் ஆரம் 450 மி.மீ. அந்த வளைவில் உள்பக்கப் பெட்டியின் மூலை எட்டரை மி.மீ. வெளியே தள்ளும், வெளிப்பக்கப் பெட்டியின் நடுவயிறு ஏழு மி.மீ. உள்ளே வரும். கூட்டிப் பாருங்க, ஏறத்தாழ 16. உரசிவிடும். எல்.எச்.பி. பெட்டி இன்னும் நீளம். அதற்கு 61 வைத்தாலே நாலு மி.மீ.தான் தப்பும்.

எக்ஸ்ட்ராக்கேட் நல்ல மென்பொருள், இலவசமும்கூட. வளைவு நாம் வைத்த ஆரத்துக்குக் கீழே போனால் நிறம் மாற்றிக் காட்டும். இணைகோடு போடும்போது இடைவெளி எவ்வளவு என்று நம்மையே கேட்கும். 52 என்றால் 52 போட்டுக் கொடுக்கும். அது சொன்ன பேச்சு கேட்கும் பிள்ளை!

அடுத்தது பாயிண்ட். நம் ரயில்வேயில் யார்டுகளில் 1க்கு 8½, வேகமாகப் பிரியும் இடத்தில் 1க்கு 12. பன்னிரண்டு அடி முன்னே போனால் ஒரு அடி விலகுவது என்று வைத்துக்கொள்ளுங்கள். கடையில் கிடைக்கும் பெக்கோ ஸ்ட்ரீம்லைன் பாயிண்ட் பெரும்பாலும் 12 பாகை. கணக்குப் போட்டால் 1க்கு 4.7. ஒரு பாதையிலிருந்து 61 மி.மீ. தள்ளியிருக்கும் அடுத்த பாதைக்குத் தாவ அதற்கு 29 சென்டிமீட்டர் போதும். 1க்கு 8½ என்றால் 52, 1க்கு 12 என்றால் 73. இடம் மிச்சம்தான், மறுக்கவில்லை. ஆனால் செங்கல்பட்டில் வண்டி லைன் மாறுவதைப் பார்த்தவருக்குத் தெரியும், பாம்பு நெளிவதுபோல நிதானமாகப் போகும். 12 பாகையில் அது டிராம் வண்டி திரும்புவதுபோல இருக்கும். நீளப் பெட்டியைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தால் தடம் புரளவும் கூடும்.

தண்டவாள அகலமும் தப்புதானே என்று ஒரு நண்பர் கேட்டார். உண்மை. 1676 மி.மீ. நம் அளவில் 19க்கு மேல் வரவேண்டும். கடைப் பாதை 16½தான். இதை நான் விட்டுவிடச் சொல்கிறேன். சக்கரம், இன்ஜின் எல்லாமே அதற்கேற்பத்தான் கிடைக்கின்றன. பார்ப்பவர் கண்ணுக்கும் அது அவ்வளவாகப் படாது. (2004இல் பீச்–தாம்பரத்தில் நின்றுபோன மீட்டர்கேஜை ஒரு ஓரமாக வைக்க ஆசைப்படுகிறவர்களுக்கு 12 மி.மீ. பாதை கிடைக்கிறது; அது ஏறக்குறையச் சரியான அளவு.)

என் யோசனை இது. இடைவெளி 61. பாயிண்ட்டுகள் 1க்கு 8½. அரக்கோணம் கிளை பிரியும் ஒரே இடத்தில் மட்டும் 1க்கு 12. கோணத்தை நாமே கொடுத்து வரைய அந்த மென்பொருளில் வசதி உண்டு. செய்வதும் நம் கைவேலைதான். அதற்கு ஈடாக பிளாட்பாரத்தை எட்டுப் பெட்டிக்கு வெட்டுவோம். எட்டுப் பெட்டி என்றால் 2.2 மீட்டர். லைன்களில் இரண்டைக் குறைப்போம்.

மாமல்லபுரத்துக்கும் ஒரு ஸ்டேஷன் வேண்டும் என்று நேற்று இரவு கடற்கரையில் பேச்சு எழுந்தது. சென்னையிலிருந்து இவ்வழியே புதுச்சேரி, கடலூர் போகும் பாதை 2008–09இல் அனுமதியானது. வண்டி இன்னும் வரவில்லை. இந்த அறையில் அதற்கு இடமில்லை. வேண்டுமானால் சுவரில் வரைபடமாகத் தொங்கவிடலாம்.

பலகை வாங்குமுன் ஒரு வேலை. வரைபடத்தை முழு அளவில் அச்சிட்டு, தாள்களை ஒட்டித் தரையில் விரியுங்கள். வளைவின் மேல் இரண்டு பெட்டிகளை வைத்துக் கையால் நகர்த்திப் பாருங்கள். ஞாயிற்றுக்கிழமை நான் வருகிறேன், செல்லோ டேப்பும் கொண்டுவருகிறேன்.