கஞ்சாவும் பரம்பரையும்

(சுன்னாகத்தில் நடைபெற்ற வாலிபர் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவு)



பாக்குநீரிணையைக் கடந்து வரும் கேரளக் கஞ்சா வடகரையிற் பிடிபட்டதென்னும் செய்தி இன்று பத்திரிகைகளிற் புதுமையன்று. அதனை வைத்திருப்பது சட்டப்படி குற்றமென்பதை யாவரும் அறிவோம். அது உடலினுள்ளே யாது செய்கின்றது என்பதையே நாம் இங்கு ஆராயப் புகுகின்றோம்.

நமது கலங்களில் டீ.என்.ஏ. என்னும் ஏடு உண்டு. அவ்வேட்டின் எழுத்துக்களை விடுத்து, எழுத்தின்மேல் இடப்படும் குறிகளைப் பற்றியே பேசுகின்றோம். ‘க’வின் தலையிற் புள்ளியிட்டால் உயிரோசை நீங்கி ‘க்’ ஆகின்றதல்லவா? அவ்வாறே மெதைல் என்னும் சிறு இரசாயனக் கூட்டம் டீ.என்.ஏ.யில் ஒட்டும்போது, பெரும்பாலும் அவ்விடத்துப் பரம்பரையலகு அடங்கிவிடுகின்றது. குறி நீங்கினால் மீண்டும் தொழிற்படலாம். இத்தகைய மாற்றங்களை ஆராயும் துறைக்கு எபிஜெனெற்றிக்ஸ் என்று பெயர். 1942இல் அப்பெயரை வழங்கியவர் வாடிங்டன் என்னும் ஆங்கில அறிஞர்.

2018இல் அமெரிக்காவின் டியூக் சர்வகலாசாலையார் 24 ஆண்களின் விந்தணுக்களை ஒப்பிட்டனர். கஞ்சா பாவிப்போரிடத்துப் பல இடங்களில் இக்குறிகள் வேறுபட்டிருந்தன. 2023இல் நோர்த்வெஸ்டேர்ன் சர்வகலாசாலையார், ஏறத்தாழ 1,000 பேரிடம் ஐந்தாண்டு இடைவெளியில் இருமுறை பெற்ற இரத்தத்திலும் இத்தகைய தொடர்பைக் கண்டனர்.

எனினும் தொடர்பு வேறு, காரணம் வேறு. கஞ்சாவுடன் புகையிலையும் புகைப்போர் பலர். புகையிலையும் அதே ஏட்டிற் குறியிட வல்லது. இக்குறிகள் தந்தையிடமிருந்து பிள்ளைக்குச் செல்கின்றன என்பதும் மனிதரில் இன்னும் நிறுவப்படவில்லை. ஆகவே கலியாணப் பேச்சில் ஒரு பிள்ளையைப் ‘பழுதான பரம்பரை’ என்று ஒதுக்குவோருக்கு விஞ்ஞானம் சாட்சி சொல்லாது.

வாலிபர்களே! நிறுவப்படவில்லை என்றால் தீங்கில்லை என்று பொருள் கொள்ளற்க. நம் மூளை இருபத்தைந்து வயதளவும் முதிர்ந்துகொண்டிருக்கின்றது. அவ்வயதில் அதனைப் புகைக்குக் கொடுப்பது இளம்பயிரில் மாட்டை விடுவதற்கொப்பாகும்.

நம்பிக்கைக்கும் இடமுண்டு. கஞ்சாவை 77 நாட்கள் விட்டிருந்தோரின் விந்தணுக்களில் அம்மாற்றங்கள் பெரிதும் குறைந்தன என்று டியூக் ஆய்வாளர் 2021இல் அறிவித்தனர். புதிய விந்தணு உருவாக ஏறத்தாழ இரண்டரை மாதம் வேண்டும். நமது செம்மண்ணில் வெங்காயம் விளையும் காலமும் ஏறக்குறைய அதுவே.

பெரியோர்களே! ஒரு வெங்காயப் போகத்துக்குக் காவலிருந்து நீரிறைக்கும் நாம், வழிதவறிய ஒரு பிள்ளைக்காக அத்தனை நாள் உடனிருக்கலாகாதா? ஏசித் துரத்தினால் அவன் கஞ்சா விற்பவனிடமே செல்வான். வீட்டில் ஒரு பாயும் கோப்பைச் சோறும் அவனுக்கென்று இருக்கட்டும் எனக் கேட்டு அமர்கின்றோம்.