அக்கா கொடுத்த மாத்திரை

(நூற்றாண்டு விழா ஒன்றுகூடலில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரை)



பாடசாலை விளையாட்டைப் பற்றிப் பேசும்படி சங்கத்தினர் கேட்டார்கள். வென்ற கேடயங்களைப் பற்றி மற்றவர்கள் பேசிவிட்டார்கள். நான் ஒரு மாத்திரைப் போத்தலைப் பற்றிப் பேசப்போகிறேன்.

நானும் என் தங்கையும் இந்த மைதானத்தில் ஓடியவர்கள். நான் 400 மீற்றர், அவள் 800 மீற்றர். மாகாண மட்டப் போட்டிக்கு அவள் தெரிவான வருடம், பயிற்சியில் இரண்டாவது சுற்றிலேயே களைத்து நின்றுவிடுவாள். வெளிநாட்டு உறவினர் ஒருவர் எனக்கு அனுப்பிய "சக்தி மாத்திரை" அலுமாரியில் இருந்தது. லேபலை வாசிக்காமலே பாதியை எண்ணி அவளுக்குக் கொடுத்தேன். அக்கா தந்ததென்று அவளும் ஒன்றும் கேட்காமல் விழுங்கினாள். களைப்புப் போகவில்லை. மாகாணப் போட்டியில் ஓட்டத்தை முடிக்காமலே வெளியே வந்தாள். பிறகுதான் அம்மா இரத்தப் பரிசோதனைக்குக் கூட்டிக்கொண்டு போனா. இரும்புச்சத்துக் குறைவால் வந்த இரத்தசோகை. நான் கொடுத்த மாத்திரையில் இரும்புச்சத்தே இருக்கவில்லை. மாத்திரை எடுக்கிறாள்தானே என்று நாங்கள் மூன்று மாதம் டொக்டரிடம் போகாமல் இருந்ததுதான் மிச்சம். அவளுடைய சம்மதத்தோடுதான் இதைச் சொல்லுகிறேன். முன்வரிசையில் இருந்து சிரிக்கிறாள், பாருங்கள்.

உலகத் தரத்தில் விளையாடுகிறவர்களுக்கும் இது நடந்திருக்கிறது. ஐவரி கோஸ்ட் நாட்டின் கோலோ ரூரே, யாயா ரூரே என்ற அண்ணன் தம்பி இருவரும் இங்கிலாந்தின் மன்செஸ்ரர் சிற்றி உதைபந்தாட்டக் கழகத்தில் ஒன்றாக விளையாடினார்கள். 2011இல் அண்ணன் கோலோவின் பரிசோதனையில் தடைசெய்யப்பட்ட பொருள் அகப்பட்டது. உடல் எடையைக் கட்டுப்படுத்த மனைவியின் மாத்திரையை எடுத்தேன் என்று அவர் சொன்னார். ஏமாற்றும் நோக்கம் அவருக்கு இல்லை என்பதை விசாரணைக் குழு ஏற்றுக்கொண்டது. ஏற்றுக்கொண்டும் ஆறு மாதத் தடை விதித்தது. அந்த மே மாதம் 14ஆம் திகதி வெம்பிளி மைதானத்தில் எப்.ஏ. கிண்ண இறுதிப்போட்டி. தம்பி யாயா அடித்த ஒரேயொரு கோலினால் கழகம் 35 வருடங்களுக்குப் பிறகு பெரிய கிண்ணமொன்றை வென்றது. அண்ணன் அன்று விளையாட முடியாமல் இருந்தார். வீட்டில் கிடந்த ஒரு மாத்திரையின் விலை அது.

எங்கள் நாட்டிலும் அதே வருடம் கிரிக்கெட் வீரர் உபுல் தரங்கவுக்கு மூன்று மாதத் தடை வந்தது. தோள் வலிக்காக எடுத்த மூலிகை மருந்துதான் காரணம். "மூலிகைதானே, ஒன்றும் செய்யாது" என்று இனி யாராவது சொன்னால் இதை நினைத்துக்கொள்ளுங்கள். விளையாட்டின் சட்டம் இதுதான்: உடம்பில் என்ன இருக்கிறதோ, அது எப்படி வந்தாலும், அதற்கு விளையாடுகிறவரே பொறுப்பு.

இலண்டனிலும் ரொறன்ரோவிலும் சிட்னியிலும் இருந்து வந்திருக்கும், இந்த மலரை வாசிக்கப்போகும் என் சகோதரிகளே, நீங்கள் அன்போடு அனுப்பும் பார்சல்களில் புரதமா ரின்னும், "ரிக்கவரி" மாத்திரையும் வருகின்றன. லேபலை நம்பி அனுப்புகிறீர்கள். 2000, 2001ஆம் ஆண்டுகளில் ஜேர்மனியின் கொலோன் ஆய்வுகூடம் 13 நாடுகளில் வாங்கிய 634 சப்ளிமென்ட்களைச் சோதித்தது. அவற்றில் 94இல் லேபலில் சொல்லாத, தடைசெய்யப்பட்ட ஹோமோன் வகைப் பொருட்கள் இருந்தன. ஏறக்குறைய ஏழில் ஒன்று.

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை. கபேன், கிரியற்றீன் போன்ற சிலவற்றுக்கு நல்ல ஆதாரம் உண்டு. ஆனால் அவை வளர்ந்த, நன்கு பயிற்சி பெற்ற வீரர்களுக்கு, அறிந்தவர் மேற்பார்வையில். என் தங்கையைச் சுகப்படுத்தியதும் ஒரு மாத்திரைதான். இரத்தத்தைப் பார்த்து, அளவு சொல்லி, டொக்டர் எழுதித் தந்த இரும்புச்சத்து மாத்திரை. அடுத்த வருடம் அவள் மாகாணத்தில் இரண்டாவதாக வந்தாள். குறை என்னவென்று தெரிந்து கொடுப்பதற்கும் தெரியாமல் கொடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் அவ்வளவுதான்.

பிள்ளைகளே, பயிற்சிக்குப் பிறகு தசை தேறுவதற்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் போதும். இரண்டு அவித்த முட்டையும் ஒரு கப் பாலும் அதைத் தரும். முட்டை சாப்பிடாதவர்கள் பயறு, கௌபி, கச்சான், பால், தயிர் என்று சேர்த்துச் சாப்பிடுங்கள். செலவான சக்தியைச் சோறும் வாழைப்பழமும் திருப்பித் தரும். சாப்பாட்டோடு தேத்தண்ணி குடித்தால் உணவிலுள்ள இரும்புச்சத்து உடம்பில் குறைவாகவே சேரும். தேசிக்காயோ கொய்யாவோ சேர்த்தால் கூடச் சேரும். இரவில் எட்டு மணித்தியாலத்துக்குக் குறையாமல் நித்திரை கொள்ளுங்கள். அதற்கு ஈடான மாத்திரை எந்தக் கடையிலும் இல்லை. மாதவிடாயில் இரத்தம் அதிகம் போனால் வெட்கப்படாமல் அம்மாவிடமோ ரீச்சரிடமோ சொல்லுங்கள். என் தங்கை சொல்லாமல் இருந்தாள். நானும் கேட்கவில்லை.

சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள். நூற்றாண்டு நிதியில் ஒரு சிறு பங்கை ஒதுக்குங்கள். மெய்வல்லுநர் அணிக்கும் வலைப்பந்தாட்ட அணிக்கும் வருடத்துக்கு ஒரு தடவை இரத்தப் பரிசோதனை, பயிற்சி நாட்களில் ஆளுக்கு இரண்டு முட்டை, ஒரு கப் பால். வெளிநாட்டில் இருப்பவர்கள் அடுத்த பார்சலில் ரின்னுக்குப் பதிலாக ஒரு சோடி ஓட்டச் சப்பாத்து அனுப்புங்கள். முதல் வருட இரத்தப் பரிசோதனைச் செலவை என் தங்கையும் நானும் பாதி பாதியாக ஏற்றுக்கொள்கிறோம். அன்று மாத்திரையைப் பாதி பாதியாகப் பிரித்ததற்கு இதுவே பரிகாரம்.