எங்கே நிற்கப் போகிறீர்கள்?

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



உடல்நலம் பற்றிச் சில நிமிடங்கள் பேசும்படி செயலாளர் கேட்டிருந்தார். ஆனால் இரண்டு நாட்களாக இங்கே எல்லோர் வாயிலும் உள்ள கேள்வி, "விழா முடிய எங்கே போறீங்கள், எங்கே நிற்கப் போறீங்கள்?" என்பதுதான். எல்ல, ஹிக்கடுவை, பாசிக்குடா என்று பல பெயர்கள் காதில் விழுந்தன. ஒரு வைத்தியராக எனக்கு அதுவும் உடல்நலக் கேள்விதான். ஆகவே அதையே பேசுகிறேன்.

எங்கள் நாடு 65,610 சதுர கிலோமீற்றர்தான். ஆனாலும் ஒரு கரையில் கடல் கொந்தளிக்கும் அதே நாளில் மறு கரை குளம் போலக் கிடக்கும். எங்கள் ஆச்சிமாருக்கு நன்றாகத் தெரிந்த இரண்டு காற்றுகள்தான் காரணம். மே முதல் செப்ரெம்பர் வரை சோளகம், அதாவது தென்மேற்குப் பருவக்காற்று. காலி, ஹிக்கடுவைப் பக்கம் அப்போது மழையும் பெருங்கடலும். நிலாவெளியும் பாசிக்குடாவும் அமைதியாக இருக்கும். அறுகம்குடாவில் அலைச்சறுக்குக்காரருக்குக் கொண்டாட்டம். அந்த அலை சிறுபிள்ளைகள் குளிக்க ஏற்றதல்ல. மாரியில் வாடை வீசும்போது எல்லாம் தலைகீழாகும். கிழக்கும் எங்கள் வடக்கும் நனைய, தெற்குக் கரை நல்லதாகிவிடும். இப்போது ஆகஸ்ட். கடற்கரை வேண்டுமென்றால் கிழக்கே போங்கள்.

மலைநாட்டிலும் இதே கதைதான். சோளகம் ஹற்றன் பக்கச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, மலையைத் தாண்டி ஊவாவுக்குள் இறங்கும்போது வரண்ட காற்றாகிவிடும். ஊவாத் தேயிலைக்கு ஜூலை முதல் செப்ரெம்பர் வரை தனி மணம் வருவதும் அந்தக் காற்றால்தான். நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. பண்டாரவளை ஏறத்தாழ 1,200 மீற்றர்தான். இழுப்பு, மூட்டுவலி உள்ள தாய் தகப்பனோடு இந்த மாதத்தில் மலைக்குப் போகிறவர்கள் பண்டாரவளைப் பக்கம் நிற்பது நல்லது. எல்லவில் அழகான விடுதிகள் பல மலைச்சரிவில் இருக்கின்றன. அறை எடுக்குமுன், வாகனம் வாசல் வரை போகுமா, எத்தனை படி ஏறவேண்டும் என்று கேளுங்கள். படத்தில் படி தெரியாது.

என்னிடம் வந்த ஒரு அம்மாவைப் பற்றிச் சொல்கிறேன். எழுபது வயது தாண்டியவர், கனடாவிலிருந்து பிள்ளைகள், பேரப்பிள்ளைகளோடு வந்தவர். ஒன்பது நாளில் ஏழு ஊர். ஐந்தாம் நாள் மயங்கி விழுந்து அனுமதிக்கப்பட்டார். உடம்பில் நீர் வற்றிப்போயிருந்தது. வழியில் மலசலகூடத்துக்கு எங்கே போவதென்ற பயத்தில் காலையிலிருந்து தண்ணீர் குடிக்காமலே பயணம் செய்திருக்கிறார். பிரஷர் குளிசையை மட்டும் தவறாமல் போட்டிருக்கிறார். "பிள்ளையளுக்கு இடைஞ்சலா இருக்கக்கூடாது எண்டு நினைச்சன் டொக்டர்" என்றார். பிள்ளைகள் அன்பில்லாதவர்கள் அல்லர். எல்லாவற்றையும் அம்மாவுக்குக் காட்டவேண்டும் என்ற ஆசையில்தான் ஓடினார்கள்.

ஆகவே நான் சொல்வது ஒன்றுதான். உங்களோடு வருபவர்களில் மிகவும் இயலாதவர் யாரோ, அவருக்கு ஏற்ற இடத்தைத் தெரிவு செய்யுங்கள். அங்கே மற்ற எல்லோரும் நிற்கலாம். ஏழு ஊருக்குப் பதிலாக மூன்று ஊர் போதும். ஒவ்வொன்றிலும் மூன்று இரவாவது நில்லுங்கள். இளையவர்கள் அங்கிருந்து சீகிரியாவோ மின்னேரியா யானைகளோ பார்த்துவரட்டும். அம்மா விறாந்தையில் இருந்து பிளேன்ரீ குடிக்கட்டும்.

இடத்தைத் தெரிந்தபின் கேட்கவேண்டியவை சில. கீழ்மாடி அறை இருக்கிறதா? கொமட் இருக்கிறதா, குளியலறை வழுக்குமா? இன்சுலின் வைக்க அறையில் குளிர்சாதனப்பெட்டி உண்டா? ஒரு மணித்தியாலத்துக்குள் ஆதார வைத்தியசாலை ஒன்றாவது இருக்கிறதா? அவசரமென்றால் 1990 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள், அம்புலன்ஸ் இலவசம். நெடுந்தீவு பார்க்க ஆசைப்படும் இதய நோயாளிகள் காலையில் போய்ப் பின்னேரப் படகில் திரும்பிவிடுங்கள். இரவில் நெஞ்சு நொந்தால் நடுவில் கடல் இருக்கிறது.

காட்டுப்பக்கக் குடில்களில் தரையில் படுக்கவேண்டாம். கட்டுவிரியன் இரவில் தரையில் தூங்குபவர்களையே அதிகம் கடிக்கிறது. கட்டிலும் நுளம்பு வலையும் வேண்டும். 2016இல் உலக சுகாதார நிறுவனம் இலங்கையை மலேரியா அற்ற நாடாக அறிவித்தது உண்மை. டெங்கு போகவில்லை. அந்த நுளம்பு பகலில் கடிக்கும். காய்ச்சல் வந்தால் பரசிற்றமோல் மட்டும் கொடுங்கள். அஸ்பிரின், இபுபுறூபன் வேண்டாம். காய்ச்சல் நிற்கிறதா என்று பார்த்துக்கொண்டிராமல் வைத்தியரிடம் காட்டி இரத்தப் பரிசோதனை செய்யுங்கள். திரும்பிப் போனபின் காய்ச்சல் வந்தாலும், இலங்கைக்குப் போய் வந்ததை அங்குள்ள வைத்தியரிடம் சொல்லுங்கள்.

கடைசியாக ஊர்வீடு. மகள் ஏ.சி. அறை எடுத்திருப்பார், அம்மா ஊர்வீட்டில்தான் நிற்பேன் என்பார். இதில் மனத்தாங்கல் வந்த குடும்பங்களை எனக்குத் தெரியும். முடிந்தால் அம்மாவின் விருப்பப்படி விடுங்கள். வருமுன்னே சொந்தக்காரருக்குச் சொல்லி ஒரு கொமட்டும், சுவரில் பிடித்தெழும்ப ஒரு கம்பியும் பூட்டுவியுங்கள். ஹொட்டேல் வாடகையோடு பார்த்தால் அது பெரிய செலவில்லை. பிள்ளைகள் கிட்ட உள்ள விடுதியில் படுக்கட்டும், சாப்பாட்டுக்கு எல்லோரும் வீட்டில் கூடலாம். அடுத்த முறை அம்மா பயணம் செய்யக்கூடிய நிலையில் இருப்பாரா என்று எந்த வைத்தியராலும் சொல்லமுடியாது.

சங்கத்திடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. வவுனியா, திருகோணமலை, மட்டக்களப்பு, பதுளை, கண்டி, கொழும்பு எங்கும் எங்கள் பழைய மாணவிகள் இருக்கிறார்கள். எந்த விடுதியில் படியில்லை, எந்த மருந்துக்கடை இரவிலும் திறந்திருக்கும் என்று அவர்களுக்குத் தெரியும். விருப்பமுள்ளவர்களின் தொலைபேசி இலக்கங்களை ஊர்வாரியாகத் திரட்டி, வருகிறவர்களுக்குக் கொடுப்போம். யாழ்ப்பாணத்துக்கு முதற் பெயராக என்னுடையதை எழுதிக்கொள்ளுங்கள்.