பரதேசிகள் கட்டிய பெருமை

(கொச்சங்காடிக் கிளைக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



நம் கொச்சங்காடியில் 1344-ஆம் ஆண்டிலேயே யூதர்கள் ஜெப ஆலயம் எழுப்பினார்கள். ஆலயம் அழிந்தது, அதன் கல்வெட்டு மட்டும் இன்று மட்டாஞ்சேரி யூதத் தெருவிலுள்ள பரதேசி ஜெப ஆலயத்தில் இருக்கிறது. ‘பரதேசி’ என்றால் வெளியிலிருந்து வந்தவர் என்றே பொருள். அவர்கள் 1568-இல் கட்டியதுதான் இன்று இந்த ஊருக்கே பெருமை. அதைக் காண உலகமே வருகிறது.

அப்படியானால், பிழைக்க வந்த தமிழனின் உழைப்பு மட்டும் இவ்வூரின் செல்வத்தில் சேராதா?

டச்சுக்காரர் காலத்தில் பட்டாளத்தின் துணி வெளுக்கக் கொண்டுவரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் சந்ததியார் இன்றும் போர்ட் கொச்சி டோபிகானாவில் கல்லில் அடித்துத் துவைக்கிறார்கள். 1976-இல் கட்டப்பட்ட அந்த இடத்துக்குச் சுற்றுலாப் பயணி வருகிறார், படம் எடுக்கிறார், போய்விடுகிறார். வெயிலில் நிற்பவர் நின்றபடியே நிற்கிறார்.

வேறு வழியில்லை என்போர் குமரகத்தைப் பார்க்கட்டும். 2008-இல் அங்கே பொறுப்புச் சுற்றுலாத் திட்டம் தொடங்கியது. ஊர்ப் பெண்கள் விளைவித்த காய்கறியை ஹோட்டல்கள் வாங்கின. 2017-இல் கேரள அரசு இதற்கென்றே தனி மிஷன் அமைத்தது.

ஆகவே நாம் கேட்பது இதுதான்: ஹோட்டல்களின் சலவை வேலையில் டோபிகானாவுக்குப் பங்கு வேண்டும். நம் பெண்களின் சமையலுக்கும், நம் பிள்ளைகள் வழிகாட்டும் வேலைக்கும் அந்த மிஷனில் பதிவு வேண்டும். வீடு வீடாகப் பெயர் எழுதுவோம்; மாநகராட்சி உறுப்பினரிடம் ஒன்றாகச் சென்று மனுக் கொடுப்போம். எழுதத் தெரியாதவர் வீட்டுக்கு, படிக்கிற பிள்ளைகளை அனுப்புங்கள்.