இரத்தப் புற்றுநோயும் இரவுக் காய்ச்சலும்



பட்டிப்பூ என்றும் நித்தியகல்யாணி என்றும் நாம் அழைக்கும் செடியினின்று பிரித்தெடுக்கப்படும் வின்கிறிஸ்ரின் என்னும் மருந்து, 1960களிலிருந்து இரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையிற் பயன்பட்டு வருகின்றது. செடியை வீட்டில் அவித்துக் குடித்தலோ நஞ்சாகும். வைத்தியர் அளந்து ஏற்றும் மருந்தே மலச்சிக்கலையும் விரல் விறைப்பையும் தரவல்லது. அவற்றை மறையாது வைத்தியரிடம் கூறுக.

எல்லாவற்றிலும் அஞ்சத்தக்கது காய்ச்சல். இச்சிகிச்சையிற் சேரும் மருந்துகள் பல, கிருமிகளை எதிர்க்கும் வெண்குழியங்களையும் அழிக்கின்றன. பெரும்பாலும் மருந்தேற்றிய 7ஆம் நாள் முதல் 14ஆம் நாள் வரை அவை மிகக் குறைந்திருக்கும். அப்போது உடல்வெப்பம் 38 பாகை செல்சியசை எட்டினால், மல்லித்தண்ணீரும் பனடோலும் கொடுத்து விடியட்டும் என்று காத்திருத்தல் ஆகாது. வெப்பம் தணியும், உள்ளே கிருமி பெருகும். சில மணித்தியாலத் தாமதமும் உயிரைக் குடிக்கலாம். உடனே வைத்தியசாலை சேர்ந்து, கிருமிக்கொல்லி மருந்தை ஊசி வழியே பெறல் வேண்டும்.

2011இல் தேவேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை பலர் நடந்து திரட்டிய நிதியால் எழுந்த புற்றுநோய் வைத்தியசாலை, 2013இல் தெல்லிப்பழையிலே திறக்கப்பட்டது. ஆயினும் நெடுந்தீவார் குறிகட்டுவானுக்குக் கடல் கடந்தே வரவேண்டும்; நள்ளிரவில் படகுக்கு எங்கே போவது? ஆதலால் அந்நாட்களில் வைத்தியசாலைக்கு அண்மையில் உறவினர் வீட்டிலே தங்குதல் நன்று.

பழஞ்சோற்றை விலக்கி, அன்றன்று சமைத்ததையே உண்க. கிணற்றுநீரைக் கொதிக்கவைத்து ஆற்றிப் பருகுக. வாய் புண்பட்டால் உறைப்பைத் தவிர்த்து, உப்புநீராற் கொப்பளிக்க. வீட்டிலே வெப்பமானி ஒன்று இருக்கட்டும். அது 38ஐக் காட்டும்போது புறப்படும் துணிவும் இருக்கட்டும்.